கேரக்டர் உருவாக்கும்போதே தொடங்கிவிடும் விதிச் சண்டைகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில் ஆட்டம் நின்றுபோய் எல்லோரும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அந்தத் தகராறு அந்த நிமிடத்தில்தான் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். நூல் பிடித்துப் பின்னால் போனால், பெரும்பாலும் அந்த ஆட்டக்காரர் தன் கேரக்டரை உருவாக்கிய நாளில் போய் நிற்கும். "இந்த கிளாஸ் எடுத்தால் இதைச் செய்யலாம்" என்று அன்றைக்கு ஒரு வரியைப் படித்து, அதை நம்பி ஒரு வீரனைக் கட்டியிருப்பார். பல வாரம் கழித்து, அந்த வரி பயன்படுகிற நேரம் வரும்போது, டிஎம் "அது முடியாதே" என்கிறார். ஆட்டக்காரர் விதியைக் கேட்கிறார். உண்மையில் அவர் கேட்பது, தான் எடுத்த முடிவு செல்லுமா செல்லாதா என்பதை.

ஆட்டம் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். உலகம், அரக்கர்கள், ஊர்மக்கள், தீர்ப்பு எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர். "நான் கதவை உடைக்கிறேன்" என்று ஆட்டக்காரர் சொல்வார், பகடை உருளும், என்ன ஆனது என்று டிஎம் சொல்வார். கேரக்டரின் எண்கள், திறமைகள், மந்திரங்கள் எல்லாம் கேரக்டர் ஷீட் என்கிற தாளில் இருக்கும். கேரக்டர் போர்வீரனா, மந்திரவாதியா என்ற வகைதான் கிளாஸ். ஆட ஆட அவர் ஏறுகிற படி லெவல். அந்தத் தாளை நிரப்புவதுதான் கேரக்டர் உருவாக்கம்.

இந்த விளையாட்டின் ஐம்பது வருடப் பதிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கேரக்டரைத் தீர்மானிக்கிற உரிமை பகடையிடமிருந்து ஆட்டக்காரர் கைக்கு வரவர, விதிக் கேள்விகள் கூடியிருக்கின்றன. கேள்விகளின் தன்மையும் மாறியிருக்கிறது. முன்பு "இந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியுமா?" என்று உலகத்தைப் பற்றிக் கேட்டார்கள். இன்று "இந்த இரண்டு திறமைகளும் ஒன்றாக வேலை செய்யுமா?" என்று வாசகத்தைப் பற்றிக் கேட்கிறார்கள்.

முதல் பதிப்பு 1974 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து வந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதியது. மரப்பலகை போல அச்சிட்ட பழுப்புப் பெட்டி, உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள், முதலில் அடித்தது ஆயிரம் பிரதிகள். கேரக்டர் உருவாக்க ஆறு எண்கள் வேண்டும்: ஸ்ட்ரெங்த் (உடல்வலு), இன்டலிஜென்ஸ் (அறிவு), விஸ்டம் (விவேகம்), கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி), டெக்ஸ்டெரிட்டி (லாவகம்), கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி). ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். அந்தப் புத்தகத்தின்படி உருட்டுபவர் ஆட்டக்காரர் இல்லை, நடுவர், அதாவது இன்றைய டிஎம். வந்த எண்களை வாங்கிக்கொண்டு, போர்வீரன், மந்திரவாதி, கிளெரிக் (பூசாரி) என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். காசு எவ்வளவு என்பதையும் பகடையே சொல்லும். இருக்கிற காசுக்குக் கத்தியும் கயிறும் தீப்பந்தமும் வாங்கிவிட்டால் கேரக்டர் தயார்.

அந்த எண்கள் செய்கிற வேலையும் அப்போது குறைவு. ஸ்ட்ரெங்த் அதிகம் என்றால் அடி பலமாக விழும் என்று 1974 புத்தகத்தில் கிடையாது. போர்வீரனுக்கு அனுபவப் புள்ளிகள் கொஞ்சம் வேகமாகச் சேரும், அவ்வளவுதான். ஆகவே மோசமான எண்கள் வந்தால் பெரிய இழப்பில்லை. கேரக்டர் செத்துப்போனால் அடுத்ததை உருட்ட ஐந்து நிமிடம்.

அந்தப் பெட்டியின் மூன்றாம் புத்தகத்துக் கடைசிப் பக்கத்தில் ஒரு பின்னுரை இருக்கிறது. விதி விளக்கம் கேட்டு எங்களுக்கு எழுதாதீர்கள், வேறு வழியே இல்லை என்றால் மட்டும் எழுதுங்கள் என்று ஆசிரியர்கள் அதில் கேட்டுக்கொள்கிறார்கள். எது எப்படி இருக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து அப்படியே ஆக்கிக்கொள்ளுங்கள், உங்களுக்காக நாங்கள் ஏன் மேலும் கற்பனை செய்ய வேண்டும் என்கிறார்கள். விதிக் கேள்வி என்ற பொருளைப் பற்றி இந்த விளையாட்டு முதன்முதலாகச் சொன்னது இதுதான், இன்று படித்தாலும் எனக்கு உற்சாகம் தருகிற பக்கம் அது.

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? ராணுவப் பயிற்சி விளையாட்டுகளிலிருந்து. 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர் விளையாட்டை முறைப்படுத்தினார். வரைபடம், அட்டவணைகள், பகடை, தீர்ப்பு சொல்ல ஒரு நடுவர் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அட்டவணைகளைப் பார்த்துப் பார்த்து ஆட்டம் நகரவே நகராது என்ற குறை நாளடைவில் எழுந்தது. 1876இல் வெர்டி டு வெர்னாய் என்ற தளபதி, அனுபவமுள்ள நடுவர் இருந்தால் அட்டவணை எதற்கு, அவர் சொல்வதே தீர்ப்பு என்று ஒரு சுதந்திர வடிவத்தை முன்வைத்தார். 'விதி பெரிதா, நடுவர் பெரிதா' என்ற இன்றைய டிஎம்களின் வழக்குக்கு இவ்வளவு வயது.

சார்லஸ் டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1880இல் எழுதிய ஸ்ட்ராட்டகோஸ் என்ற விதிநூல், ஏறத்தாழத் தொண்ணூறு வருடம் கழித்து மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் டேவிட் வெஸ்லி என்ற ஆட்டக்காரரிடம் அகப்பட்டது. விதியில் இல்லாத எதையும் ஆட்டக்காரர் முயன்று பார்க்கலாம், முடிவை நடுவர் சொல்வார் என்ற யோசனையை அவர் அதிலிருந்து எடுத்தார். 1969இல் அவர் நடத்திய பிரான்ஸ்டைன் ஆட்டத்தில் ஆளுக்கொரு படை என்பதோடு நிற்காமல் ஊர்க்காரர்களாகவும் ஆட்கள் ஆடினார்கள். அதில் ஆடியவர் டேவ் ஆர்னெசன். அவர் பிளாக்மோர் என்ற கற்பனை நாட்டை உருவாக்கி, கைகாக்ஸிடம் காட்ட, மற்றதெல்லாம் நடந்தது. ஆகவே 1974 பெட்டி விதிகளில் அத்தனை ஓட்டைகளோடு வந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை. ஓட்டையை அடைக்க ஒரு மனிதர் மேசையில் இருப்பார் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை ஐந்து வருடம்கூடத் தாங்கவில்லை. 1975இல் வந்த கிரேஹாக் என்ற துணைநூல், ஸ்ட்ரெங்த் அதிகமுள்ள போர்வீரனுக்கு அடியில் கூடுதல் பலம் தந்தது. திருடன், பலடின் (புனித வீரன்) என்ற புது கிளாஸ்களும் அதில்தான் வந்தன. எண்ணுக்குப் பலன் வந்ததும் எல்லோருக்கும் நல்ல எண் வேண்டியிருந்தது. 1977 முதல் 1979 வரை மூன்று பெரிய புத்தகங்களாக அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது, மூன்று பகடை உருட்டினால் வருகிற கேரக்டர்கள் சுமாரானவை, சீக்கிரம் செத்துவிடும் என்று கைகாக்ஸே எழுதி, மாற்று வழிகள் தந்தார். அதில் முதல் வழி இன்றுவரை நிற்கிறது: நாலு பகடை உருட்டி, மிகச் சிறிய எண்ணைத் தள்ளிவிட்டு மூன்றைக் கூட்டி, ஆறு எண்களையும் விரும்பிய இடத்தில் போட்டுக்கொள்வது.

இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். மூன்று பகடையின் சராசரி 10.5. நாலு உருட்டி ஒன்றைத் தள்ளினால் சராசரி 12.24. மூன்று பகடையில் 18 விழ 216இல் ஒரு வாய்ப்பு, நாலில் சுமார் 62இல் ஒன்று. பலடினை எடுத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ்டு விதிப்படி அந்தப் புனித வீரனாக ஸ்ட்ரெங்த் 12, இன்டலிஜென்ஸ் 9, விஸ்டம் 13, கான்ஸ்டிட்யூஷன் 9, கரிஸ்மா 17 குறைந்தபட்சம் வேண்டும். பழைய முறைப்படி மூன்று பகடையை வரிசை மாறாமல் உருட்டினால் இந்த ஐந்தும் சேர்ந்து அமைவது சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு. தாயம் விழாமல் காயை இறக்க முடியாது என்பது போல, பலடின் என்பது விரும்பி எடுக்கிற கிளாஸ் இல்லை, விழுந்தால் கிடைக்கிற பேறு. எண்களை இடம் மாற்றிப் போடலாம் என்றதும் அது தேர்வாகிவிட்டது.

தேர்வு வந்த அதே காலத்தில் கேள்வி-பதில் பகுதியும் வந்தது. 1979இல் விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் டிராகன் பத்திரிகையில் சேஜ் அட்வைஸ் என்ற பத்தி தொடங்கியது. முதலில் எழுதியவர் ஜீன் வெல்ஸ். பிற்பாடு ஸ்கிப் வில்லியம்ஸ் நெடுங்காலம் எழுதினார். "எங்களுக்கு எழுதாதீர்கள்" என்று சொன்ன நிறுவனமே ஐந்து வருடத்தில் எழுதிக் கேட்பவர்களுக்கென்று ஒரு பக்கத்தை ஒதுக்கியது. இதை அவர்கள் கொள்கை மாறிவிட்டார்கள் என்று குறை சொல்ல மாட்டேன். அப்போது போட்டிகள் நடந்தன, ஒரு ஊர் மேசையில் வளர்ந்த கேரக்டரை இன்னொரு ஊர் மேசைக்கு எடுத்துப் போனார்கள். இரண்டு டிஎம்கள் இரண்டு விதமாகச் சொன்னால் போட்டி நடத்த முடியாது. ஒரே மாதிரியான விதி வேண்டும் என்பதும் அட்வான்ஸ்டு பதிப்புக்கு ஒரு காரணம்.

பகடையே வேண்டாம் என்ற யோசனையும் இதே சமயத்தில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1977இல் ஸ்டீவ் ஜாக்சன் வடிவமைத்த மெலே என்ற சின்ன விளையாட்டில், குறிப்பிட்ட அளவு புள்ளிகளை ஸ்ட்ரெங்த்துக்கும் டெக்ஸ்டெரிட்டிக்கும் ஆட்டக்காரர் பிரித்துப் போட வேண்டும். 1981இல் சாம்பியன்ஸ், 1986இல் கர்ப்ஸ் என்று அந்த வழி வளர்ந்தது. எதிர்த்திசையில் 1977இன் டிராவலர் இருந்தது. அதில் கேரக்டரின் கடந்தகாலத்தையே பகடை எழுதும், உருவாக்கி முடிக்கும் முன்பே அவர் இறந்தும் போகலாம். அது விண்வெளி விளையாட்டு என்பதால் அதை இத்துடன் விடுகிறேன்.

2000ஆம் ஆண்டுதான் எல்லாம் மாறிய ஆண்டு. அதற்கு மூன்று வருடம் முன்பு விளையாட்டை விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வாங்கியிருந்தது. அவர்கள் வெளியிட்ட மூன்றாம் பதிப்பில் எந்தக் காரியத்துக்கும் இருபதுமுகப் பகடையை உருட்டிக் கூட்டலைச் சேர்த்து இலக்கை எட்ட வேண்டும் என்று ஒரே சூத்திரம். விளையாடக் கற்பது சுலபமானது. ஆனால் கேரக்டர் உருவாக்கம் ஒரு தனிக் கலையானது. திறன்களுக்குப் புள்ளி, ஃபீட் என்ற சிறப்புத் திறமைகள், ஒவ்வொரு லெவலிலும் கிளாஸை மாற்றிக் கலக்கிற மல்டிகிளாஸ் வசதி, பத்தாவது லெவலில் ஒரு சிறப்பு கிளாஸுக்குள் நுழைய முதல் லெவலிலேயே திட்டம் போடுவது என்று வீட்டில் உட்கார்ந்து மணிக்கணக்கில் செய்கிற வேலையாக அது ஆனது.

அப்போது எல்லாத் தேர்வும் சமம் இல்லை. அந்தப் பதிப்பை வடிவமைத்தவர்களில் ஒருவரான மான்ட்டி குக், சில தேர்வுகள் மற்றவற்றைவிட நல்லவை, அதைக் கண்டுபிடிக்கிற ஆட்டக்காரருக்குப் பலன் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் வடிவமைப்பிலேயே இருந்தது என்று பிற்பாடு எழுதினார். டஃப்னஸ் என்ற ஃபீட்டை உதாரணமாகச் சொன்னார். அதை எடுத்தால் உயிர்ப்புள்ளி மூன்று கூடும். ஒரே ஒரு நாள் ஆட்டத்துக்கு வருகிற முதல் லெவல் மந்திரவாதிக்கு அது லாபம். மாதக்கணக்கில் ஆடப்போகிற போர்வீரனுக்கு அது கிட்டத்தட்ட வீண். புத்தகம் இதைச் சொல்லாது. எனக்கு இந்த அணுகுமுறையில் உடன்பாடில்லை. புதிதாக வருகிற ஒருவர், புத்தகத்தில் அச்சிட்டிருக்கிற ஒரு தேர்வை நம்பி எடுத்து, ஒரு வருடம் அதன் சுமையைத் தூக்க வேண்டும் என்பது நியாயமே இல்லை. அப்படிச் சுமக்கிறவர்தான் மேசையில் ஒவ்வொரு விதியையும் பிடித்துத் தொங்குவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

நான்காம் பதிப்பு, 2008, எல்லாத் திறமையையும் ஒரே அச்சில் வார்த்துச் சந்தேகங்களைக் குறைக்கப் பார்த்தது. குறைத்தது. ஆனால் வாசிக்க உலர்ந்திருந்தது, பலருக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் 2014இல் ஐந்தாம் பதிப்பு. அதன் மொழி மறுபடி சாதாரண மொழி, டிஎம்முக்கு மறுபடி அதிகாரம்.

ஐந்தாம் பதிப்பில் ஆறு எண்களுக்கு மூன்று வழி. நாலு பகடை உருட்டி ஒன்றைத் தள்ளலாம். 15, 14, 13, 12, 10, 8 என்ற தயார் வரிசையை வாங்கிக்கொள்ளலாம். அல்லது 27 புள்ளிகளில் வாங்கலாம்: எல்லாம் 8இல் தொடங்கும், 13 வரை ஏறுகிற ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி, 14க்கும் 15க்கும் படிக்கு இரண்டு புள்ளி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 15க்கு 9, 14க்கு 7, 13க்கு 5, 12க்கு 4, 10க்கு 2, 8க்கு ஒன்றுமில்லை. கூட்டினால் சரியாக 27. தயார் வரிசை என்பதே புள்ளி முறையில் வாங்கக்கூடிய ஒரு கூடைதான். பல மேசைகளில் இது தெரியாமல், ஒருவர் வரிசையும் இன்னொருவர் புள்ளியும் எடுப்பது அநியாயம் என்று வாக்குவாதம் நடக்கும். அநியாயம் எதுவும் இல்லை. பகடை உருட்டியவரோடு ஒப்பிட்டால்தான் வித்தியாசம். ஆறு முறை உருட்டுகையில் குறைந்தது ஒரு 18 விழ நூற்றில் ஒன்பது வாய்ப்பு உண்டு, புள்ளி முறையில் 15க்கு மேல் வாங்கவே முடியாது. ஊர் ஊராகக் கேரக்டரை எடுத்துச் செல்கிற அட்வென்சரர்ஸ் லீக் ஆட்டங்களில் பகடை முறைக்கு இடமில்லாததற்கு இதுவே காரணம். யாருடைய வீட்டில் யார் பார்க்க உருட்டினார்கள் என்று எவர் போய்ச் சாட்சி சொல்வது?

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஆட்டத்தில் 15 என்ற எண்ணை யாரும் அநேகமாகப் பயன்படுத்துவதில்லை. அதிலிருந்து பத்தைக் கழித்து, இரண்டால் வகுத்து, கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் வருகிற +2தான் பகடையோடு கூடும். 14க்கும் +2, 15க்கும் +2. அப்படியானால் 3 முதல் 18 வரையிலான எண் எதற்கு? 1974இன் மூன்று பகடை விட்டுச்சென்ற தடம் அது. இதற்குப் போட்டியாக இருக்கிற பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டு 2023இல் செய்த திருத்தப் பதிப்பில் அந்த எண்களைத் தூக்கிவிட்டு +2, +3 என்று கூட்டலை மட்டும் வைத்துக்கொண்டது. புதியவர்கள் கேட்கிற முதல் கேள்வி "15க்கும் 14க்கும் என்ன வித்தியாசம்" என்பதுதான் என்பதால், அது நல்ல முடிவென்றே எனக்குப் படுகிறது.

ஆறு எண்களுக்குக் கிடைக்கிற கூடுதல் எங்கிருந்து வருகிறது என்பதும் பெரிய சர்ச்சையாக இருந்தது. 2014 புத்தகத்தில் எல்ஃப் இனத்தவர் என்றால் டெக்ஸ்டெரிட்டி கூடும், குள்ளர் என்றால் கான்ஸ்டிட்யூஷன் கூடும். பிறப்பே உடலையும் அறிவையும் தீர்மானிக்கிறது என்ற இந்த ஏற்பாடு பலரை உறுத்தியது. 2020இல் டாஷா என்ற சூனியக்காரி பெயரில் வந்த துணைநூல், அந்தக் கூடுதலை விரும்பிய இடத்துக்கு மாற்றலாம் என்றது. ஐந்தாம் பதிப்பைத் திருத்தி வந்த 2024 புத்தகத்தில் அது முழுவதுமாகக் கேரக்டரின் பின்னணிக்குப் போய்விட்டது. முன்பு என்ன தொழில் செய்தார், எப்படி வளர்ந்தார் என்பதிலிருந்து எண் வருகிறது. கதைக்கும் எண்ணுக்கும் நடுவே இருக்க வேண்டிய உறவு இதுதான் என்பேன்.

சரி, சாதாரண மொழிக்குத் திரும்பிய ஐந்தாம் பதிப்பில் விதிச் சண்டை குறைந்ததா என்றால், இல்லை. ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் போகிற நிலைக்கு 2014 புத்தகம் இரண்டு குறிப்புகள் தருகிறது. முதலாவது: மந்திரமோ சிறப்புப் புலனோ இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. இரண்டாவது: அவரைத் தாக்குகிறவருக்குப் பாதகம், அவர் தாக்கினால் அவருக்குச் சாதகம். சாதகம் என்றால் இருபதுமுகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது, பாதகம் என்றால் சிறியதை.

இப்போது ஒரு மந்திரவாதி, மறைந்திருப்பதைக் காட்டும் மந்திரத்தைப் போட்டுவிட்டு, மறைந்து நிற்கிற எதிரியைத் தெளிவாகப் பார்க்கிறார். அம்பு விடுகிறார். பாதகம் உண்டா? உண்டு என்கிறது எழுத்து. முதல் குறிப்பை மந்திரம் உடைத்துவிட்டது, இரண்டாவது தனியாக நிற்கிறது, "பார்க்க முடியாவிட்டால்" என்ற நிபந்தனை அதில் இல்லை. பார்க்கிற எதிரியைப் பார்க்காதது போல அடிக்க வேண்டும். அப்போது விளையாட்டின் தலைமை விதி வடிவமைப்பாளராக இருந்த ஜெரமி க்ராஃபோர்டும் எழுத்து அப்படித்தான் சொல்கிறது என்றார்.

பெரும்பாலான டிஎம்கள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பார்த்தால் பாதகம் இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். அதுவே நியாயம். ஆனால் அந்த மந்திரவாதியின் இடத்தில் இருந்து பாருங்கள். லெவல் ஏறும்போது புதிதாகக் கற்க இரண்டே மந்திரங்கள். அதில் ஒன்றை, மறைந்திருக்கும் எதிரிகள் வருவார்கள் என்று நம்பி இதற்குச் செலவழித்தார். எழுத்தை அப்படியே பிடித்துக்கொள்கிற டிஎம்மிடம் மாட்டினால் அந்தத் தேர்வில் பாதி போயிற்று. எழுத்தைத் தளர்த்துகிற டிஎம் என்றால், மறைந்து போவதையே நம்பித் திருடனை உருவாக்கிய இன்னொருவருக்கு இழப்பு. தீர்ப்பு எப்படிப் போனாலும் கேரக்டர் உருவாக்கிய நாளில் எடுத்த யாரோ ஒருவருடைய முடிவு அடிபடுகிறது. 2024 புத்தகம் ஒரு வாக்கியத்தைச் சேர்த்து இதைத் தீர்த்தது: உங்களை ஒருவர் எப்படியாவது பார்க்க முடிந்தால், அவரிடம் இந்தப் பலன் செல்லாது.

பலடினின் டிவைன் ஸ்மைட்டுக்கும் இதே கதி. அடித்த அடியோடு தெய்வ ஒளியைச் சேர்க்கிற திறமை அது. வெறுங்கையால் குத்தினால் செல்லுமா? 2014 விதிகளில் வெறுங்கைக் குத்தும் ஒருவகை ஆயுதத் தாக்குதல் என்றே கணக்கு, ஆனால் கை ஆயுதம் இல்லை. ஸ்மைட்டின் வாசகம் ஆயுதத்தின் சேதத்தோடு கூட்டச் சொல்கிறது. ஆகவே செல்லாது என்று பதில் வந்தது. குத்துச்சண்டை பலடின் என்ற அழகான கற்பனையோடு வந்தவர்கள் எத்தனையோ பேர் இந்த ஒரு சொல்லில் தடுக்கி நின்றார்கள். 2024இல் வெறுங்கையும் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். கூடவே அதை ஒரு மந்திரமாக மாற்றி, ஒரு டர்னுக்கு ஒரு முறை என்று கட்டிப்போட்டதும் நடந்தது.

இந்தப் பதில்கள் எல்லாம் சேஜ் அட்வைஸ் தொகுப்பாக இணையத்தில் வந்தன. அதில் 2015இல் க்ராஃபோர்ட் ஒரு பாகுபாட்டைச் சொன்னார்: எழுதியபடி விதி, எண்ணியபடி விதி, மகிழ்ச்சிக்கேற்ற விதி. கேட்பவர் இந்த மூன்றில் எதைக் கேட்கிறார் என்று தெரியாமல் பதில் சொன்னால் வாதம் முடியாது. க்ராஃபோர்ட் ட்விட்டரில் சொன்ன பதில்களைச் சாசனமாக எடுத்துக்கொண்டு மேசைக்கு வருகிற பழக்கம் பரவியபோது, அவை ஆலோசனைதான், அதிகாரபூர்வத் தீர்ப்பு இல்லை என்று அந்தத் தொகுப்பிலேயே எழுத வேண்டி வந்தது.

கேரக்டரையே விதியின் ஓட்டை மேல் கட்டுகிறவர்களும் உண்டு. காஃபிலாக் என்று ஒரு புகழ்பெற்ற கேரக்டர் வகை. வார்லாக், சாரசரர் என்ற இரண்டு மந்திரக்கார கிளாஸ்களைக் கலப்பது. மந்திரம் போட்டால் ஒரு மந்திர வாய்ப்பு செலவாகும். வார்லாக்கின் மந்திர வாய்ப்புகள் ஒரு மணி நேரச் சிறு ஓய்வில் திரும்பிவிடும். சாரசரர் மந்திர வாய்ப்பைப் புள்ளியாக்கி, புள்ளியைப் புது வாய்ப்பாக்கலாம். அப்படி உண்டாக்கியவை எட்டு மணி நேர நீண்ட ஓய்வு முடியும்போது மறைந்துவிடும். அப்படியானால் நீண்ட ஓய்வே எடுக்காவிட்டால்? வார்லாக்கில் இரண்டு லெவல் இருந்தால் ஒவ்வொரு சிறு ஓய்விலும் இரண்டு புள்ளி, இரண்டு புள்ளிக்கு ஒரு முதல் நிலை வாய்ப்பு. மற்றவர்கள் தூங்குகிற எட்டு மணி நேரத்தில் எட்டு சேரும். நாள் கணக்கில் சேர்த்துக்கொண்டே போகலாம். தூங்காமல் கிடப்பதால் காஃபி என்ற பெயர்.

2017இல் வந்த ஸனத்தார் துணைநூல் இதற்கு முட்டுக்கட்டை போட்டது. இருபத்து நாலு மணி நேரம் நீண்ட ஓய்வில்லாமல் போனால் பகடை உருட்டிக் கான்ஸ்டிட்யூஷன் கூட்டலோடு 10 எட்ட வேண்டும், தவறினால் சோர்வு ஒரு படி ஏறும், அடுத்தடுத்த நாளுக்கு இலக்கு ஐந்து ஐந்தாகக் கூடும். ஆனால் அதே புத்தகத்தில் வார்லாக்குக்குத் தூக்கமே தேவையில்லாத ஒரு வரமும் இருக்கிறது. தூக்கம் வேண்டாம் என்றால் ஓய்வும் வேண்டாமா என்று உடனே அடுத்த கேள்வி. வேண்டும்: அந்த வரத்தின் வாசகமே நீண்ட ஓய்வை லேசான வேலையோடு எடுக்கலாம் என்றுதான் சொல்கிறது, ஓய்வை ரத்து செய்யவில்லை.

இதைவிட விபரீதமானது விவசாயி பீரங்கி. ஈராயிரம் விவசாயிகளை ஐந்தடிக்கு ஒருவராக வரிசையில் நிறுத்தி, கையில் வந்த கழியை அடுத்தவரிடம் தர எல்லோரும் தயார் என்று அறிவித்தால், ஒரு சுற்றான ஆறு நொடியில் கழி பத்தாயிரம் அடி போய்விடும். அந்த வேகத்தில் கடைசி ஆள் எறிந்தால் டிராகன் சாகாதா என்பது கேள்வி. விதிப்படி கழி அங்கே போய்ச்சேரும், வேகத்தால் சேதம் என்று விதி எதுவும் இல்லை. முதல் பாதிக்கு விதிப்புத்தகமும் இரண்டாம் பாதிக்கு இயற்பியலும் கேட்பதுதான் தந்திரம். 2024 டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் இதற்கென்றே ஒரு பகுதி வந்துவிட்டது. விதிகள் இயற்பியல் இல்லை, நல்லெண்ணத்தோடு வாசித்தால்தான் விதி நிற்கும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் டிஎம்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். காஃபிலாக்கோடு வருகிறவரையும் குத்துச்சண்டை பலடினோடு வருகிறவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். முதலாமவர் ஓட்டையைத் தேடிப்போனவர். இரண்டாமவர் ஒரு மனிதனைக் கற்பனை செய்துவிட்டு, விதி அதற்கு இடம் தரும் என்று நம்பியவர். 'ரூல்ஸ் லாயர்' என்று இருவரையும் ஒரே பெயரால் அழைத்து வாயடைக்கிற மேசைகளில், இரண்டாமவர் மூன்றாவது வாரம் வராமல் நின்றுவிடுவார்.

2023 ஆகஸ்டில் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டு இன்னொரு தலைமுறையை மேசைக்கு அழைத்து வந்திருக்கிறது. ஐந்தாம் பதிப்பு விதிகளை ஒட்டிய ஆட்டம் அது, நடுவர் மட்டும் கணினி. அங்கே கேள்விக்கு இடமில்லை, பொத்தான் வேலை செய்தால் விதி, இல்லாவிட்டால் இல்லை. ஹேஸ்ட் என்ற மந்திரம் அங்கே முழுதாக ஒரு கூடுதல் செயலைத் தருகிறது, அதில் இன்னொரு மந்திரமும் போடலாம். மேசையின் 2014 விதிப்படி அந்தக் கூடுதல் செயலில் ஒரே ஒரு ஆயுத அடி, ஓட்டம், ஒளிவது போன்ற சில காரியங்கள் மட்டும். அங்கே பழகிவிட்டு இங்கே மந்திரவாதியை உருவாக்குகிறவருக்கு இது முதல் நாளிலேயே தெரிந்தாக வேண்டும்.

அந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. முகாமில் விதர்ஸ் என்று ஒரு எலும்புக்கூட்டு முதியவர் இருப்பார். நூறு பொற்காசு கொடுத்தால் கேரக்டரின் கிளாஸையும் எண்களையும் முதலிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். அட்வென்சரர்ஸ் லீக்கிலும் ஐந்தாம் லெவலில் ஆடத் தொடங்கும் முன் கேரக்டரைத் திருத்தி எழுத அனுமதி இருந்திருக்கிறது. டாஷா துணைநூலும் லெவல் ஏறுகையில் சில தேர்வுகளை மாற்றிக்கொள்ள வழி சொல்கிறது.

வீட்டு மேசைகளிலும் இதைச் செய்யலாம். கேரக்டர் உருவாக்குகிற நாளில் ஒவ்வொருவரிடமும் "இந்தக் கேரக்டரால் நீ செய்ய ஆசைப்படுகிற ஒரு காரியம் என்ன?" என்று டிஎம் கேட்டு, அதற்கான வரியைப் புத்தகத்தில் இருவரும் சேர்ந்து படித்துவிடுங்கள். மறைந்து அடிப்பதா, வெறுங்கையால் ஸ்மைட் செய்வதா, எதுவானாலும் தீர்ப்பை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அதையும் மீறி நடு ஆட்டத்தில் தகராறு வந்தால், அந்த நேரத்துக்கு டிஎம் சொல்வதை ஏற்றுக்கொண்டு ஆட்டத்தை நகர்த்துங்கள். தீர்ப்பு அந்தக் கேரக்டரின் உயிர்நாடியையே எடுத்துவிட்டது என்றால், அடுத்த வாரத்துக்குள் அந்தத் தேர்வை மாற்றி எழுத ஆட்டக்காரருக்கு விடுங்கள். ஒரு மந்திரத்தையோ ஒரு ஃபீட்டையோ மாற்ற அதிக நேரம் ஆகாது, மற்ற ஆட்டக்காரர்களும் இதற்குத் தடை சொல்ல மாட்டார்கள்.